இரண்டு ஊர், ஒரு பாஸ்வேர்ட், ஒரே வீடு

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே! நரை விழுந்தும் நகைப்பு விழாத பெரியோர்களே! நாளைக் காலை என்னிடமே தோசை மாவு வாங்கப்போகும் தாய்மார்களே! தமிழ் பாதி புரிந்தாலும் சமோசா வரும்வரை பொறுத்திருக்கும் தில்லிச் செல்லங்களே! அத்தனை பேருக்கும் அம்சவேணியின் அன்பு வணக்கம்.

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘பாஸ்வேர்டைப் பகிர்வது பாசமா, பாவமா?’ என்பது தலைப்பு. பாசமே என்று முழங்க வந்த எனக்குச் சொந்தமாக ஒரு பாஸ்வேர்ட் கிடையாது. இதே ஆர்.கே.புரத்தில், மாவு கொடுக்கப் போகும் வீட்டில் உட்கார்ந்துதான் சீரியல் பார்க்கிறேன். அந்த டிவியில், பார்ப்பது யார் என்று கேட்கும் இடத்தில், எனக்கென்று ஒரு கட்டம்கூட உண்டு. பெயர், ‘மாவு ஆன்ட்டி’. சிரியுங்கள், சிரியுங்கள். உங்களில் எத்தனை பேர் மச்சினன் பாஸ்வேர்டில் படம் பார்க்கிறீர்கள் என்று சொல்லட்டுமா? அச்சா, இப்போது சத்தத்தைக் காணோம்!

எதிரணித் தம்பி கௌஷிக் பேசினார். காசு கொடுத்தவருக்கே காட்சி, ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு என்றார். நியாயம் தம்பி. படம் எடுத்தவர் வயிறும் வயிறுதானே? ஆனால் ஒன்று கேட்கிறேன். வீடு, வீடு என்றீர்களே, எது வீடு?

நான் போகும் வீடு பூவராகவன் சாருடையது. மனைவியை இழந்தவர், மத்திய சர்க்கார் உத்தியோகம். ஒரே மகள் மேகலா. பெண்ணைக் கேட்காமலே சார் ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மகள் முடியாது என்றாள். வார்த்தை தடித்தது. பெட்டியைக் கட்டிப் பூனாவுக்கு வேலைக்குப் போனவள், போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டாள்.

நிறுத்தாதது ஒன்றே ஒன்று. அப்பா வீட்டு டிவியில் படம் வரும் கணக்கு அவள் பெயரில். பாஸ்வேர்டை மட்டும் அவள் மாற்றவில்லை!

தினமும் காலையில் சார் டிவியைப் போடுவார். படம் பார்க்க அல்ல. மகளின் கட்டத்தைத் திறந்து, பாதியில் நிற்கும் படத்தின் அடியில் ஓடும் சிவப்புக் கோட்டைப் பார்ப்பார். “கொஞ்சம் நகர்ந்திருக்கு அம்சவேணி. நேத்து வேலையிலேர்ந்து சீக்கிரம் வந்துட்டா போல” என்பார். கோடு நகராத நாளில் மாவுப் பாத்திரத்தை வாங்கக்கூட மறந்து நிற்பார். அம்மா தாய்மார்களே, அது கோடா? அது கடிதம். அது குரல். அது ‘நான் நன்றாக இருக்கிறேன் அப்பா’!

போன மாதம் ஒரு காலை, திரையில் அறிவிப்பு வந்து நின்றது. சார் எனக்குத் தமிழில் சொன்னார்: “இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்தது அல்ல.”

பூனாவின் வாடகை அறை வீடாம்! பெற்றவன் கூடம் வீடு இல்லையாம்! ஒரு பட்டனை அமுக்கினால் எண் ஒன்றை அனுப்பி வைப்பார்களாம், அதை அடித்தால் திறக்குமாம். எண் போவது எங்கே? மகளின் போனுக்கு.

“அமுக்குங்க சார்” என்றேன்.

“வேண்டாம்மா. நான் கேட்டு, அவ தரலைன்னா? இப்போ மாத்தாம வச்சிருக்கா. அதுவே போதும்.”

“சார், ஆபீஸ்ல அத்தனை பேரை விரட்டுறீங்க, ஒரு பட்டனுக்கு இந்தப் பயமா?”

“நீ சும்மா இரு.”

நான் எப்போது சும்மா இருந்திருக்கிறேன்? ரிமோட்டைப் பிடுங்கி அமுக்கிவிட்டேன். மனிதர் முகம் வெளிறிவிட்டது.

சிறிது நேரத்தில் போன் அடித்தது. சாருக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“அப்பா, டிவிக்கு நம்பர் கேட்டது நீங்கதானே?”

“இல்ல... அம்சவேணிதான்... சீரியலுக்கு...”

பார்த்தீர்களா சபையோரே, என்னை மாட்டிவிட்டதை!

“ஆன்ட்டி மேல போடாதீங்கப்பா. தினம் என் கட்டத்தைத் திறந்து பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியும், எந்த டிவில திறந்ததுன்னு கணக்குல காட்டும். தூக்கம் வந்தாக்கூட ரெண்டு நிமிஷம் ஓட விட்டுட்டுதான் படுக்கறேன்.”

 சார் மெல்லக் கேட்டார்: “சாப்டியாடா கண்ணா?”

நடுவர் ஐயா மணியில் கை வைக்கிறார். பையா, ஏக் மினிட்!

சொல்லுங்கள், எது வீடு? ஒரே கூரையா? ஒரே கம்பியில் வரும் இணைப்பா? ஒருத்தி தூங்கினாளா என்று இன்னொருவர் எங்கே தவிக்கிறாரோ, அது வீடு! கோபித்துப் போனவள் எந்தக் கதவைப் பூட்டாமல் போனாளோ, அது வீடு! அளக்கட்டும் கம்பெனிக்காரர்கள், ஆயிரம் கருவி வைத்து அளக்கட்டும். பூனாவும் ஆர்.கே.புரமும் ஒரே வீடு, ஒரே வீடு, ஒரே வீடு!

பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கும், தட்டிச் சிவந்த உங்கள் கைகளுக்கும் என் நன்றி. எல்லோரும் பிள்ளைகளோடு பேசிக்கொண்டு நன்றாக இருங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன்: அன்று போனில் மகள் அந்த எண்ணைச் சொன்னாள். அது கொஞ்ச நேரத்துக்குத்தான் செல்லுமாம். அப்பாவும் மகளும் பேசி முடித்தபோது அது செல்லாமல் போயிருந்தது. நான் சீரியல் பார்க்காமல் வீட்டுக்குப் போனேன். வணக்கம்.