ஆளுக்கு நாலு வரி

யுகேஷ்: இந்தக் கண்டியில விலைக்கு வாங்க முடியாத சொத்து ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு வாவி. இன்னொண்ணு என்னோட பேனா.

பிரியாந்தினி: பேனா என்ர. காலமை இரவல் வாங்கினனி.

யுகேஷ்: மை உன்னோடது. நேர்மை என்னோடது.

பிரியாந்தினி: நேர்மையின்ர வாயில என்ன ஒட்டியிருக்கு?

யுகேஷ்: எங்க?... ஓ. ரோல்ஸ் தூள்.

பிரியாந்தினி: ஆர் தந்தது?

யுகேஷ்: தனேஸ். இன்டர்வல் பெல் அடிச்ச கையோட ரெண்டு பிஷ் ரோல்ஸத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறான். “மச்சான், பிரியாவிடை மலர்ல என்னப் பத்தி எழுதினத கொஞ்சம் மாத்தேன்”னு. ஒரு மனுசன் இவ்வளவு எறங்கலாமா? பாக்கவே பாவமா இருந்துச்சு.

பிரியாந்தினி: மாத்தினியோ?

யுகேஷ்: ஒரு கமா கூட மாத்தல.

பிரியாந்தினி: ரோல்ஸ்?

யுகேஷ்: ரெண்டையும் தின்னுட்டேன்.

பிரியாந்தினி: வெக்கமில்லையாடா?

யுகேஷ்: உனக்கு லஞ்ச ஒழிப்புன்னா என்னன்னே தெரியல. திருப்பிக் குடுத்தா அவன் அதை இன்னொருத்தருக்குக் குடுப்பான். தின்னுட்டு மாத்தாம விட்டாத்தான் லஞ்சம் அந்த எடத்துலயே சாகும்.

பிரியாந்தினி: சரி, சாகடிச்சது போதும். வாசி. பள்ளிக்கூடம் விட்ட உடனே யோகேந்திரன் சேர் பிரியாவிடை மலரைக் கட்டுகஸ்தோட்டை அச்சகத்துக்குக் கொண்டுபோறார். அதுக்குள்ள நான் பிழை பாத்து முடிக்கோணும்.

யுகேஷ்: முடிக்கலாம், அவசரப்படாத. சேரோட சட்டம் தெரியும்ல? கிளாஸ்ல எல்லாரைப் பத்தியும் நான் எழுதுவேன், ஆளுக்கு நாலு வரி. அச்சாகி வர்ற வரைக்கும் யாரும் தன்னோட நாலு வரியப் பாக்கக் கூடாது.

பிரியாந்தினி: மலராசிரியைக்கே சட்டம் படிப்பிக்கிறாய். என்னைப் பற்றினது எங்க?

யுகேஷ்: அதை நேரா சேர்கிட்டயே குடுத்துட்டேன். வாசிச்சுட்டுச் சிரிச்சாரு.

பிரியாந்தினி: எந்த மாதிரிச் சிரிச்சவர்?

யுகேஷ்: சட்டம், பிரியா, சட்டம். கேளு... “தனேஸ். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசல் என்று கூறி இரண்டு வருடம் தாமதமாக வந்தவர். அவருடைய வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பது கடைசித் தவணையில்தான் தெரியவந்தது.”

பிரியாந்தினி: ஐயோ... இதை அவன்ர அப்பா வாசிப்பாரே.

யுகேஷ்: அவருக்குத்தான் வீடு எந்தப் பக்கம்னு நல்லாத் தெரியுமே. அடுத்தது. “கஜாலினி. பரீட்சை தொடங்கிச் சற்று நேரத்திலேயே ‘சேர், பேப்பர்’ என்று மேலதிகத் தாள் கேட்டு முழு மண்டபத்தையும் நடுங்கவைத்தவர். ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் எழுதுவார் என்பதை எவரும் எட்டிப் பார்க்கவில்லை.”

பிரியாந்தினி: ஏழு வரியோ? அப்ப நான் அவளின்ர சத்தத்தைக் கேட்டு வேர்த்ததெல்லாம்...

யுகேஷ்: வீண் வேர்வை. எப்பிடியோ காதுல விழுந்து, நேத்து முறுக்கோட வந்தா. “ஏழை பத்தா ஆக்கு”ன்னு கேட்டா.

பிரியாந்தினி: முறுக்கு?

யுகேஷ்: செத்துப்போச்சு. வரி அப்பிடியே இருக்கு.

பிரியாந்தினி: தர்ஷனாவைப் பற்றி வாசி. அவள் முறுக்கோட வர மாட்டாள், அடிக்கத்தான் வருவாள்.

யுகேஷ்: “தர்ஷனா. வகுப்புத் தலைவி. சத்தம் போடுபவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுபவர். ஒருநாள் வகுப்பில் தனியாக இருந்தபோது தும்மிவிட்டுத் தன் பெயரையே எழுதிவைத்தவர்.”

பிரியாந்தினி: இது உண்மையே?

யுகேஷ்: நான் ஜன்னல் வழியாப் பாத்தேன்.

பிரியாந்தினி: அப்ப நீ வகுப்புக்கு வெளியில ஏன் நிண்டனி?

யுகேஷ்: என் பேரு பலகைல முதல்லயே இருந்துச்சு. அது முக்கியமில்ல.

பிரியாந்தினி: ரிஸ்மி?

யுகேஷ்: “ரிஸ்மி. பிறந்தநாள் கேக் எங்கே வெட்டப்பட்டாலும் கத்தி கழுவும் முன் வந்து சேருபவர். தன்னுடைய பிறந்தநாள் எப்போதும் விடுமுறையில் வருவதாகச் சொல்கிறார். இதுவரை மூன்று வேறு விடுமுறைகளில் வந்திருக்கிறது.”

பிரியாந்தினி: இது நல்லா இருக்கு. அடுத்தது?

யுகேஷ்: “பழனியாண்டி. ஹந்தானையிலிருந்து வருபவர். இரண்டு வருடத்தில் இவர் வாயைத் திறந்தது ‘பிரசன்ட் சேர்’ என்பதற்கு மட்டுமே. வராத நாட்களிலும் அந்தக் குரல் கேட்டது.”

பிரியாந்தினி: வராத நாளில கத்தினது நீ.

யுகேஷ்: எழுத்தாளன் தன்னைப் பத்தி எழுதக் கூடாது.

பிரியாந்தினி: அவன் வந்து ஒண்டும் கேக்கேல்லையோ?

யுகேஷ்: பழனியா?... இல்ல. அவன் யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டான்.

பிரியாந்தினி: ஏன் முகம் ஒரு மாதிரிப் போகுது?

யுகேஷ்: ரோல்ஸ்ல மிளகு ஜாஸ்தி.

அஸ்ஃபர்: மச்சான் யுகேஷ்! நீ இங்கயா ஈக்கிற? கன்டீன் முழுக்கத் தேடிட்டு வாறேன்.

யுகேஷ்: பாத்தியா பிரியா, அடுத்த ஆளு. கைல டப்பா வேற. என்ன அது அஸ்ஃபர்?

அஸ்ஃபர்: வட்டிலப்பம். உம்மா விடிய எழும்பி செஞ்ச.

யுகேஷ்: மன்னிச்சுக்க மச்சான். வட்டிலப்பத்துக்கும் என்னோட பேனா வளையாது. நீ பொருளியல் பாடத்துல கண்ணத் தெறந்துக்கிட்டே தூங்குனத எழுதியாச்சு. சேர் “அஸ்ஃபரைப் பாருங்க, எவ்வளவு கவனம்”னு பாராட்டினப்ப குறட்டை பதில் சொன்னதையும் எழுதியாச்சு. அதுல ஒரு எழுத்தும் கொறையாது.

அஸ்ஃபர்: கொறைக்காத. எங்கட உம்மாவே வாசிச்சிச் சிரிப்பா. இது அதுக்கில்ல.

யுகேஷ்: பின்ன எதுக்கு?

அஸ்ஃபர்: ஹந்தானைக்கு.

யுகேஷ்: ஹந்தானைக்கா?

அஸ்ஃபர்: போன மாசம் கிளாஸோட மலை ஏறப் போன நேரம், நான் சறுக்கிப் பள்ளத்துக்குப் போகப் பாக்க, பின்னால ஈந்து பேக்கப் புடிச்சி இழுத்தாயே. பயத்துல வீட்ட வாயத் தெறந்து செல்லாம ஈந்தேன். நேத்துத்தான் சென்னேன். உம்மா அழுதுட்டா, மச்சான்.

யுகேஷ்: விடு மச்சான்.

அஸ்ஃபர்: கேட்டியா பிரியா? அண்டைக்கும் இப்படித்தான். காலால ரத்தம் ஓடுது, இவன் “விடு மச்சான்”ங்கிறான். வேற ஒருத்தன் எண்டா வருசம் முழுக்கச் செல்லிட்டு ஈப்பான்.

பிரியாந்தினி: ஓம், அது இவனிட்டப் புதுமையான விசயம்தான்.

அஸ்ஃபர்: மலர் வெளியிடுற அண்டைக்கு உம்மாவும் வாப்பாவும் வாராங்க. வாப்பா மேடைல ஏறி ஒனக்கு நன்றி செல்லணுமாம்.

யுகேஷ்: மேடைலயா?

அஸ்ஃபர்: மைக்ல. சேர்ட்டயும் கேட்டாச்சு. சரி, பெல் அடிக்க முந்தி போகணும். டப்பாவ மட்டும் கவனமாத் திருப்பித் தா மச்சான், அது உம்மாட நல்ல டப்பா.

பிரியாந்தினி: ... மைக்ல.

யுகேஷ்: கேட்டுச்சு.

பிரியாந்தினி: டப்பாவைத் திறக்கேல்லையோ?

யுகேஷ்: பசியில்ல.

பிரியாந்தினி: உனக்கோ? பசியில்லையோ?

யுகேஷ்: பிரியா... சும்மா கேக்குறேன். என்னைப் பத்தின நாலு வரிய நீதானே எழுதணும்?

பிரியாந்தினி: ஓம். சேர் அப்பிடித்தான் சொன்னவர்.

யுகேஷ்: எழுதிட்டியா?

பிரியாந்தினி: பின்னேரம் அச்சுக்குப் போகுது. எழுதாமல் விடுவனோ?

யுகேஷ்: நல்லது. எனக்கு அதைப் பாக்கணும்னு ஆசையெல்லாம் இல்ல.

பிரியாந்தினி: சட்டமும் விடாது.

யுகேஷ்: ஆமா... எதைப் பத்தின்னு மட்டும் சொல்லேன்.

பிரியாந்தினி: ஹந்தானை.

யுகேஷ்: ஹந்தானைன்னா... சுத்திப் பாக்க அழகா இருந்துச்சே, அதையா?

பிரியாந்தினி: உன்னைப் பற்றி எழுதச் சொன்னால் மலையின்ர அழகை ஏன் எழுதுறன்?

யுகேஷ்: நீ அன்னைக்கு எங்க நடந்துக்கிட்டு இருந்த?

பிரியாந்தினி: பின்னாலதான்.

யுகேஷ்: எவ்வளவு பின்னால?

பிரியாந்தினி: நீ கேக்கிற விதத்தைப் பாத்தால், பேராதனையில நிண்டனான் எண்டு சொன்னால் சந்தோசப்படுவாய் போல கிடக்கு.

யுகேஷ்: சும்மா கேட்டேன்... இரு, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்.

பிரியாந்தினி: உன்ர போத்தல் நிறையத் தண்ணி இருக்கு. இந்தா, மேசையில.

யுகேஷ்: கன்டீன் தண்ணி வேற ருசி.

பிரியாந்தினி: கெதியா வா. பெல் அடிக்கப் போகுது.

யுகேஷ்: வந்துட்டேன்.

பிரியாந்தினி: கன்டீனில இப்ப தண்ணியைப் பேப்பரில சுத்தித் தாறவையோ?

யுகேஷ்: இது வந்து... மிச்சம் இருந்துச்சுன்னு கன்டீன் அக்கா குடுத்தாங்க. பிஷ் ரோல்ஸ்.

பிரியாந்தினி: சுடுது.

யுகேஷ்: மிச்சம் சுடக் கூடாதா?

பிரியாந்தினி: ஆருக்கு இவ்வளவும்?

யுகேஷ்: மலருக்காக ஒழைக்கிறவங்க பட்டினியாக் கெடக்கக் கூடாது. எடு. சாஸ் வேணுமா?

பிரியாந்தினி: தனேஸ் உனக்கு ரெண்டுதானே தந்தவன். இதில மூண்டு இருக்கு.

யுகேஷ்: அவன் கேட்டது சின்ன மாத்தம்.

பிரியாந்தினி: ஆ?

யுகேஷ்: ஒண்ணுமில்ல. சாப்பிடு.

பிரியாந்தினி: சொன்னால்தான் சாப்பிடுவன்.

யுகேஷ்: ... அந்த அட்டைய மட்டும் எடுத்துரு.

பிரியாந்தினி: அட்டையை...

யுகேஷ்: அட்டை கடிச்சதப் போட்டா எனக்கு ஒண்ணுமில்ல. ஹந்தானையில அட்டை யாரைத்தான் கடிக்கல? நான் கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டு “அம்மா”ன்னு கத்துனேன்ல... அதை எடுத்துரு.

பிரியாந்தினி: அழுததையும் எடுக்கட்டோ?

யுகேஷ்: அழுததையுமா எழுதின! பாவி!

பிரியாந்தினி: நாலு வரி நிரப்போணுமே.

யுகேஷ்: சரி, சரி. “கண்கலங்கினார்”னு போடு. அது மரியாதையா இருக்கும். காத்துக்குக் கலங்கினதா கூட இருக்கலாம்.

பிரியாந்தினி: ரத்தம்?

யுகேஷ்: அதுதான் பிரச்சினையே! அது அட்டை கடிச்ச ரத்தம்னு வந்தா அஸ்ஃபரோட வாப்பா மைக்ல என்ன சொல்லுவாரு? நான் பொய் சொல்லல, பிரியா. அவனா வந்தான். என் காலப் பாத்தான். “நீயா மச்சான் இழுத்த?”ன்னான். நான் “விடு மச்சான்”னேன். “விடு மச்சான்” பொய்யா?

பிரியாந்தினி: அப்ப இழுத்தது...

யுகேஷ்: பழனிதான்னு நீதான் பாத்தியே! அஸ்ஃபர இழுத்து மேல போட்டுட்டு, என் சத்தத்தக் கேட்டு இந்தப் பக்கம் ஓடிவந்தான். அட்டைய நகத்தால சொரண்டி எறிஞ்சிட்டு அவன் பாட்டுக்கு நடந்து போயிட்டான்.

பிரியாந்தினி: ஒண்டும் சொல்லேல்லையோ?

யுகேஷ்: “கத்தாத”ன்னான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு மாசமா கிளாஸே என்னக் கொண்டாடுது, அவன் பின் வாங்குல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கான். ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும்.

பிரியாந்தினி: ம்ம்.

யுகேஷ்: என்ன ம்ம்?... ரோல்ஸ் ஆறுது.

பிரியாந்தினி: ஆறட்டும்.

யுகேஷ்: சரி... இப்பிடிச் செய்வோம். பழனி இழுத்தான்கிறத அவனோட நாலு வரில நானே எழுதுறேன். அந்த “பிரசன்ட் சேர்” வெட்டிரலாம். அஸ்ஃபர்கிட்டயும் இன்னைக்கே சொல்லிர்றேன்... வட்டிலப்பமும் பழனிக்குத்தான். நான் தொடல, பாத்துக்க.

பிரியாந்தினி: உண்மையாவோ? அஸ்ஃபரிட்ட நீயே சொல்லுவியோ?

யுகேஷ்: பெல் அடிச்சதும் போறேன். ஆனா அட்டை வேணாம், பிரியா. கெஞ்சிக் கேக்குறேன். “அம்மா”வும் வேணாம். “கண்கலங்கினார்” கூட வேணாம். வேணும்னா நாளைக்குப் பட்டிஸ் வாங்கித் தர்றேன்.

பிரியாந்தினி: யுகேஷ்... அண்டைக்கு இருந்த பனிமூட்டத்தில எனக்கு முன்னால நடந்த கஜாலினியின்ர பையே தெரியேல்லை. உன்னைப் பற்றி என்னத்தை எழுதுறதெண்டு காலமையிலயிருந்து மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டு இருந்தனான், இப்பதான் எல்லாம் கிடைச்சது... அந்தச் சாஸை இங்கால தள்ளு.