படகுக் காத்தாடிக்குப் பேரிங்

சமயநல்லூர் பஸ் கோரிப்பாளையத்தைத் தாண்டியதும், என் முன் சீட்டில் இருந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்த இளைஞரிடம் சொன்னார்: "கடல்ல காத்தாடிக்குப் பேரிங் மாத்தப் போயிட்டு இப்பத்தான் திரும்பி வாரேன் மாப்ள."

"கடல்ல ஏது மாமா காத்தாடி?"

"தூத்துக்குடிக்கு ஒரு வெள்ளக்காரம்மா பாய்மரப் படகுல தனியா வந்திருக்கு. படகுல ஒரு காத்தாடி. அது சுத்துனாத்தான் பேட்டரி ஏறும், ராத்திரி லைட் எரியும். லைட் இல்லைன்னா பெரிய கப்பல் தெரியாம மேல ஏறிரும். உப்புக் காத்துல பேரிங் துருப்புடிச்சு இறுகிப் போச்சு. அங்க கெடைக்கலன்னு நம்ம கடையில இருந்து கொண்டு போனேன்."

"நீங்களே மாத்துனீகளா?"

"எங்கிட்டு? படகு ஆடுன ஆட்டத்துல வாந்தி எடுத்துப் படுத்துட்டேன். அந்தம்மாதான் கம்பத்துல ஏறி, இடுப்பக் கயித்தால கட்டிக்கிட்டு, பழசக் கழட்டிப் புதுசத் தட்டி ஏத்துச்சு. அறுபது வயசு இருக்கும். நடுவுல எறங்கி வந்து எனக்கு எலுமிச்சம்பழம் வேற புழிஞ்சு குடுத்துச்சு."

"காத்தாடி சுத்துச்சா?"

"சத்தமே இல்லாம சுத்துச்சு. இனிமே எங்கன்னு சைகையில கேட்டேன். கடலக் காட்டுச்சு."



"நாம சமயநல்லூருக்கே ரெண்டு பேராத்தான் போறோம், மாமா."