அரிசி டிரம்மில் காய்ந்த துப்பாக்கி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வடிந்த மறுவாரம் மண்ணூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிர் சீட்டில் இரண்டு பேர்: பணம் கொண்டுபோகும் வேனுக்குத் துப்பாக்கியோடு காவல் போகிறவரும் அவருடைய மச்சானும்.

“தண்ணி பூந்ததும் உங்கக்கா டிவி, மிக்சி, கிரைண்டர் எல்லாத்தையும் பரண்ல ஏத்திட்டா. என் துப்பாக்கி மட்டும் கட்டிலுக்கு அடில ஊறிகினு கீது. அப்பறம் எடுத்து அரிசி டிரம்முல சொருவிட்டா.”

“இன்னாத்துக்கு மாமா?”

“நனஞ்ச செல்போன அப்டித்தான் காய வெச்சாளாம்.”

“ஐயோ! இன்னிக்கு ஆபீசர் செக் பண்ணாரே. துரு இருந்தா வேல காலின்னியே?”

“குழலைக் கவுத்தாரு. பொலபொலன்னு அரிசி கொட்டிச்சு. வேல பூடுச்சுன்னு நின்னேன்.”

“இன்னா சொன்னாரு?”

“கண்ண வெச்சு உத்துப் பாத்தாரு. துருவே இல்ல. என்னத் தனியா கூப்ட்டு, ‘என் வூட்டுத் துப்பாக்கியும் நனஞ்சிடுச்சுய்யா. நீ போட்டது புழுங்கலா, பச்சையா?’ன்னு கேக்கறாரு.”

இதை எழுதியது தை முதல் தேதி. வீட்டில் பொங்கலுக்குப் பச்சரிசி களைகிறார்கள்.