நிறுத்தி வைத்த ஆட்டமும் நிறுத்தாத நடுவர்களும்

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் ஆன்சி டீச்சர் அவர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு கூட்டத்துக்கு வந்திருக்கும் என் தாய்மார்களே! தேவாலா மழை தோளை நனைத்தும் இடம்விட்டு அசையாத பெரியோர்களே! இன்றைய பாராட்டு விழாவின் நாயகர்கள், நடுவர் சிவகுரு ஐயா, உதவி நடுவர் ஜெஃப்ரி ஐயா அவர்களே! சுகுணாவின் வணக்கம்!

நம் மகளிர் கால்பந்து அணியின் கோலியாக நிற்பவள் நான்... இதோ, ஜெஃப்ரி ஐயா எழுந்துவிட்டார்! கோல் கீப்பர், ஐயா, கோல் கீப்பர்! உட்காருங்கள்! (சிரிக்காதீர்கள், அடுத்து உங்களையும் திருத்துவார்!)

சொல்லுக்காகச் சண்டையிடும் இந்த இருவரைக் கண்டு சிரித்தவர்கள்தாம் நாம். ஆனால் பெர்ன்ஹில்லில் நடந்த இறுதி ஆட்டத்தில் என்ன நடந்தது?

நாம் ஒரு கோல் முன்னிலை. முடிய இன்னும் சிறிது நேரம். அப்போது வந்தது மூடுபனி! பந்தை மறைத்தது, பந்தடித்தவளை மறைத்தது, என் முன்னால் நின்ற என் தோழியையே மறைத்தது! சிவகுரு ஐயா விசில் ஊதினார். உடனே போட்டியை நடத்தும் குழுவின் விஜயன் மைக்கைப் பிடித்தார்.

“மேட்ச் கேன்சல்! அடுத்த ஞாயித்துக்கிழமை மொதல்லருந்து ஆடிக்கலாமுங்க!”

முதலிலிருந்தா? அப்படியானால் எங்கள் கோல்? எங்கள் வியர்வை? இந்த ஒரு நாள் லீவு வாங்கவே எஸ்டேட்டில் எத்தனை கெஞ்சல்! கொழுந்து பெருகும் காலத்தில் மறுபடி யார் விடுவார்கள்? வராவிட்டால் தோற்றவர்கள் நாங்கள். எங்கள் பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். நானும்தான்.

பனியைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்து மைக்கைப் பறித்தார் சிவகுரு ஐயா.

“ஏனுங்க, கேன்சல்னு யாருங்க சொன்னது? நான் ஆட்டத்தக் கைவிடலீங்க. நிறுத்தி வெச்சிருக்கறேன்! பனி வெலகுனா விட்ட எடத்துலருந்து ஆட்டம் தொடருமுங்க!”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே?” என்றார் விஜயன்.

“ஒண்ணா? சம்சாரம் கோவிச்சுக்கிட்டு அம்மா ஊட்டுக்குப் போறதும், கோர்ட்டுல விவாகரத்து வாங்கறதும் ஒண்ணுங்களா?”

மைதானமே அதிர்ந்து சிரித்தது! அதோடு முடிந்ததா? ஜெஃப்ரி ஐயா கொடியோடு வந்து சேர்ந்தார்.

“சார், ‘தற்காலிகமா’ங்கற சொல்லு விட்டுப்போச்சு.”

“நிறுத்தி வெக்கறதுன்னாலே தற்காலிகந்தானுங்க ஜெஃப்ரி! அது மிகை!”

“மிகை இல்லீங்க சார், தெளிவு!”

மிகையா தெளிவா? தெளிவா மிகையா? ஒலிபெருக்கியில் ஒருவர் முழங்க, ஒருவர் மறுமுழக்கம் செய்ய, மைக் கிடைக்காமல் விஜயன் தவிக்க, முடிவு தெரியாமல் கூட்டம் கலைய மறுக்க... மெல்ல மெல்ல, அன்பர்களே, மெல்ல மெல்ல, எதிர்க்கோல் கம்பம் தெரிந்தது! வலை தெரிந்தது! பனி விலகியதை மைதானம் முழுக்கக் கண்டது. காணாதவர்கள் இந்த இருவர் மட்டுமே!

பெர்ன்ஹில் அணித் தலைவி ஜீவிதா வந்து என் கையைப் பிடித்தாள். புதிதாக ஆடினால் அவளுக்குத்தான் லாபம். ஆனாலும் சொன்னாள்: “அழாதீங்கக்கா. வாங்க, ஆடி முடிப்போம்.” அந்தப் பெண்ணுக்கு ஒரு கைதட்டல் வேண்டும்! இன்னும் பலமாக!

ஆட்டம் தொடர்ந்தது. கடைசியில் அதே ஜீவிதா உதைத்த பந்து வலது மூலைக்குப் பறந்தது. நானும் பறந்தேன்! விரல் நுனி பட்டது, பந்து கம்பத்தில் மோதி வெளியே போனது, விசில் ஒலித்தது! கோப்பை தேவாலாவுக்கு!

சேற்றில் இறங்கி ஓடிவந்த என் அம்மா கருப்பம்மா, சிவகுரு ஐயாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயா, இத வெற்றின்னு சொல்லணுமா, ஜெயம்னு சொல்லணுமா? தப்பாச் சொல்லிறக் கூடாதில்ல?”

ஜெஃப்ரி ஐயா வாய் திறந்தார். சிவகுரு ஐயா அவர் தோளில் கை வைத்துத் தடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எப்படி வேணா சொல்லுங்கம்மா. சத்தமாச் சொல்லுங்க!”

தாய்மார்களே! ஒரு சொல் தவறியிருந்தால் பதினோரு பெண்களின் உழைப்பு பனியோடு போயிருக்கும். அந்தச் சொல்லுக்காக மைக்கை விடாமல் பிடித்த கைகளுக்கு இந்தச் சால்வை! செவி தந்த உங்களுக்கு நன்றி! மழை வலுக்குமுன் வீடு சேருங்கள், வணக்கம்!