ஏப்ரல் வரை ஓடையில் இறங்க வேண்டாம்

உங்கள் ஆட்களின் பூட்ஸ் கால்களைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன், ஷெரிஃப். என் தங்கை புருஷன் வெர்லினைத் தேடுகிறோம் என்று மூன்று நாளாக ஓடையைக் கலக்குகிறார்கள். இது அக்டோபர் கடைசி. நாட்டு டிரவுட் மீன் சரளைக்குள் முட்டையிடும் நேரம். ஒரு மிதிக்கு நூறு உயிர் போகும்.

பதினெட்டு வருடமாக அந்த ஓடையைக் காப்பவன் நான். வெர்லின் ஒஹையோவிலிருந்து வந்த வெளியூர்க்காரன். அவனுடைய வாடகைக் குடிசைக்கு வருகிறவர்கள் தூண்டில் போட வேண்டுமென்று நானூறு பண்ணை மீன்களை வாங்கி வந்து கொட்டினான். நம் மீனின் தீனியையெல்லாம் அவை தின்று கொழுத்தன. நான் கோபப்படவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவனுக்கு மான்கறி கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓடைக்குக் குறுக்கே ஒரு ஹெம்லாக் மரத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். மரம் கிடந்தால் தண்ணீர் தேங்கும், மீன் வந்து ஒதுங்கும். வருடா வருடம் செய்கிற வேலைதான். வெர்லின் தூண்டிலோடு இறங்கி, நேராக முட்டைச் சரளையில் போய் நின்றான்.

“மாப்ள, முட்டை மேல நிக்கிறீங்க.”

“அடை காக்குறேன்னு வச்சுக்க மச்சான்.”

மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை, “உன் தொல்லை தாங்கல” என்று ஓரடி மேலே தள்ளி நின்றான். நன்றி சொன்னேன். அந்த ஓரடிக்காகத்தான் காத்திருந்தேன். சரளையில் நின்றிருந்தால் முட்டையும் அல்லவா நசுங்கியிருக்கும்.

மரம் விழுமுன் குரல் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தேன். மெதுவாகத்தான் கொடுத்தேன். சத்தம் போட்டால் மீன் மிரளும்.

இப்போது மரத்தடியில் இருக்கிறான். தண்ணீர் அவன்மேல் தட்டி, நிதானமாக இறங்குகிறது. நேற்றுப் போய் எண்ணினேன், அவன் விலாவை ஒட்டி ஆறு ஜோடி மீன். உயிரோடிருந்தபோது அவன் பக்கத்தில் ஒன்றுகூட அண்டியதில்லை. அதனால் அவனை இப்போது தூக்க வேண்டாம். ஏப்ரலில் குஞ்சுகள் நீந்திப் போய்விடும், நானே வந்து தூக்கித் தருகிறேன்.

வெளியே பெஞ்சில் இருப்பது என் தங்கை நோரீன். வரும்போது எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

“அண்ணே, அவரு மொகத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏப்ரல் வரைக்கும் பொறும்மா. தண்ணி ஜில்லுனுதான் இருக்கு, ஒண்ணும் ஆகாது” என்றேன். அதற்குப் போய் அப்படி அழுகிறாள். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் உயிரின் அருமை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.