வாளியும் தொட்டிலும்

— மூணாவதா? நர்ஸம்மா, மொதல்ல அந்தத் துணி மேலேர்ந்து எழுந்திரிங்க. பள்ளிக்கூட யூனிபாரம், கசங்கிடும்.

— எழுந்துட்டேன். கொஞ்சம் கேளேன் டெய்லரம்மா. உன் மகளுக்கு ரெண்டு இருக்கு. இன்னொண்ணு பெத்துக்கிட்டா அரசாங்கமே தொட்டில் குடுக்குது. மரத்தொட்டில், கொசுவலையோட.

— அடேங்கப்பா! முப்பது வருஷம் முன்னாடி இதே கடைக்கு வந்து, ரெண்டோட நிறுத்து, மூணாவது பெத்தா நாட்டுக்கே பாரம்னு சொன்னது இதே வாய்தானே?

— அப்போ திட்டம் அது.

— இருபத்திரண்டு வயசு எனக்கு. ஜீப்புல ஏத்திட்டுப் போய் ஆபரேஷன் பண்ணி, கையில ஒரு பிளாஸ்டிக் வாளியக் குடுத்து அனுப்பினீங்க. வாளி இன்னும் ஒழுகல, அதையாவது சொல்லணும்.

— நல்ல வாளி. அதுக்கே நான் சண்டை போட்டேன். மேலிடத்துல டம்ளர்தான் குடுக்கச் சொன்னாங்க.

— பெரிய உபகாரம்! ஏன் நர்ஸம்மா, எங்க வயிறு என்ன தெருக்குழாயா? நீங்க மூடுன்னா மூடவும், திறன்னா திறக்கவும்?

— ஜனத்தொகை குறையுதாம். வகுப்பெல்லாம் காலியாம்.

— யூனிபாரம் ஆர்டர் பாதியானப்பவே எனக்குத் தெரியும். துணிய வெட்டிப்புட்டு நீளம் பத்தலன்னு இப்போ வந்து நின்னா?

— எம்மேல ஏன் பாயுற? சொல்லச் சொன்னதச் சொல்றேன்.

— மேலிடத்துக்காரனா என் கடைக்கு வந்தான்? நீங்கதானே வந்தீங்க! என் மாமியார நாலு நாள் பேசிப் பேசியே கரைச்சீங்க. எனக்கு இன்னொண்ணு வேணும்னு ஆசை இருந்துது, தெரியுமா?

— தெரியும்.

— தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போனீங்களா?

— தெரிஞ்சேதான்.

— நல்லா இருங்க. மககிட்ட நான் பேச மாட்டேன். அவ வயிறு, அவ பாடு. ஆமா, ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் எண்ணி எண்ணிச் சொல்றீங்களே, உங்களுக்கு எத்தனை? இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல.

— ரெண்டு.

— எங்க இருக்காங்க?

— படிவத்துல. மாசத்துக்கு இத்தனை ஆபரேஷன்னு எங்களுக்குக் கணக்கு. அந்த மாசம் உன்னையும் சேர்த்து எண்ணியும் ஒரு ஆள் குறைஞ்சுது. வேலைய விட்டுத் தூக்கிருவோம்னாங்க. எனக்குக் கல்யாணமாகி ஏழு மாசம். ரெண்டு பிள்ளைன்னு படிவத்துல எழுதினாத்தான் ஆபரேஷன் பண்ணுவாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, உனக்குப் பக்கத்துக் கட்டில்ல வந்து படுத்தேன். நீ செவுத்தப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த.