மேஜைக்கடியில் ஒரு மெயின்ஃப்ரேம்

—மறுபடியும் நின்னுடுச்சி மேடம். அதே இடம். கறுப்பு ஸ்கிரீன்ல நாலு வரி வந்துது, அப்புறம் ஒண்ணுமில்ல.

—அந்த வரியை அப்படியே படியுங்கோ முத்துக்குமார். கண்ணாடியை ஆத்துலயே வச்சுட்டு ஓடி வந்துட்டேன்.

—வெயிட் ஸ்டேட்டு, காத்துக்கினு இருக்கறேன்னு போட்டு ஏதோ நம்பர் காட்டிக்கினு இருக்குது. இருபத்தோரு நாளா இதையேதான் காட்டுது. மேடம், தப்பா நெனைக்காதீங்க. பட்டுப் பொடவைக்கு பார்டர் டிசைன் போடத்தான் நான் இந்த சர்வர வாங்கினேன். மயில்வாகனம் அண்ணன் அவரு டிசைன் இன்னா ஆச்சுன்னு காலையில ரெண்டு வாட்டி வந்து எட்டிப் பாத்துட்டாரு. இத சாயங்காலமா பாக்கலாமே?

—சாயங்காலம் ஆகாது. டாக்டர் தேவகி ஃபோன் பண்ணினா. அதான் போட்டது போட்டபடி ஓடி வந்தேன்.

—பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மாவா?

—ஆமாம். அங்க காயத்ரின்னு ஒரு பொண்ணு. இருபத்துநாலு வயசு, தலைப்பிரசவம். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறைச்சுண்டிருக்கு. கத்தி வச்சுத்தான் குழந்தையை எடுக்கணும். எடுத்தா நிறைய ரத்தம் போகும்.

—ரத்தம்தானே மேடம்? நான் தரேன். எங்க தெருப் பசங்க இருவது பேரக் கூட்டியாந்து நிறுத்தறேன், சரியா?

—இருநூறு பேர் வந்தாலும் பிரயோஜனமில்லை. அவளுக்கு பாம்பே குரூப். மேலோட்டமாப் பார்த்தா ஓ குரூப் மாதிரித் தெரியும். ஆனா ஓ ரத்தத்தை ஏத்தினாலே உயிருக்கு ஆபத்து. பத்தாயிரம் பேர்ல ஒருத்தருக்குத்தான் அந்த குரூப் இருக்கும். அவா கொடுத்தாத்தான் உண்டு.

—மெட்ராஸ்ல கேட்டுப் பாத்தாங்களா?

—எல்லா இடத்துலயும் கேட்டாச்சு. ஒரு பாட்டில்கூட இல்லை. மூணு மணி வரைக்கும் சமாளிப்பேன், அதுக்கு மேல காத்திருக்க முடியாதுன்னுட்டா. குறைஞ்சது ரெண்டு பேர் வேணுமாம். இப்போ மணி பதினொண்ணே கால்.

—அப்போ நீங்க சேத்து வச்ச லிஸ்டு...

—அதேதான். அபூர்வ குரூப்காரா ஆறாயிரம் பேர். பதினஞ்சு வருஷம், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க கம்பெனி பெரிய மெஷின்ல உட்கார்ந்து நான் ஏத்தின பேர். ரத்ததான சங்கத்துக்காக. போன வருஷம் மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்பினா, என்னை ஆத்துக்கு அனுப்பினா. டேப்பை என் கையில கொடுத்து, ஞாபகார்த்தமா வச்சுக்கோங்கோன்னா.

—அடிச்ச பேப்பர் ஒண்ணுகூடவா இல்ல?

—சங்கத்து ஆபீஸ் கூரை ஒழுகி எல்லாம் கூழாயிடுத்து.

—புது சாஃப்ட்வேர்காரங்க நாங்க படிச்சித் தரோம்னு சொன்னாங்களே?

—டேப்பை ஒரு சீடிக்கு மாத்திக் கொடுத்தா. அதோட சரி. உள்ளே பார்த்தா வெறும் கிறுக்கல்னுட்டா. இடம் பத்தாதுன்னு நான்தான் எல்லாத்தையும் ஒரு முறையில சுருக்கி எழுதி வச்சேன். அதைப் பிரிக்கற புரோகிராமும் அந்த டேப்லயேதான் இருக்கு. ஆனா அது அந்தப் பெரிய மெஷினை ஓட்டற எம்.வி.எஸ்.ங்கற சிஸ்டத்துலதான் ஓடும். எம்.வி.எஸ். வேணும்னா ஒரு ஹால் நிறைய மெஷின் வேணும்.

—அதான் ஹாலுக்கு எங்க போறதுன்னு இந்தப் பொட்டிய ஹால் மெஷினா நடிக்க வச்சிக்கினு இருக்கறோம். நடிக்க மாட்டேங்குது. சரி, சொல்லுங்க மேடம். மயில்வாகனம் அண்ணன் வந்தா நான் கால்ல வுழுந்து சமாளிச்சிக்கறேன். எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

—ஒண்ணொண்ணா வருவோம். முதல்ல சிஸ்டம் பாராமீட்டர்ஸ் கேட்டுதா?

—கேட்டுது. நீங்க சொன்ன பதிலத்தான் அடிச்சேன். அடிச்சதும் கம்முனு ஆயிடுச்சி.

—டிஸ்க் நம்பர் எல்லாம் சரியா இருக்கா?

—அத நூறு வாட்டி பாத்துட்டோம் மேடம். நீங்க எழுதிக் குடுத்த சீட்டு இதோ சொவத்துல ஒட்டிக்கினு இருக்குது. ஒரு நம்பர் மாறல.

—அப்போ டிஸ்கைப் படிக்கறது. படிக்காம கேள்வியே கேட்டிருக்காது. பதில் சொன்ன உடனே அது என்ன பண்ணும்? நினைவுக்கு வரது. மெமரி பத்தாதப்போ எழுதி வச்சுக்கற பேஜ் டிஸ்கை எடுக்கும். அது வரைக்கும் படிக்க மட்டும்தான் செஞ்சுண்டிருக்கும். அந்த இடத்துலதான் முதல் தடவையா எழுத ஆரம்பிக்கும்.

—எழுத...

—என்ன?

—இருங்க மேடம். எழுதும்னா சொன்னீங்க?

—ஆமாம், டிஸ்க்ல எழுதும்.

—ஐயோ. ஐயோ மேடம். என்னச் செருப்பால அடிங்க.

—என்ன ஆச்சு? பதட்டப்படாம சொல்லுங்கோ.

—உங்க அமெரிக்கா சினேகிதர் எம்.வி.எஸ்.ஸ போட்டு அனுப்புன சீடில இருந்துதானே எல்லா டிஸ்க் ஃபைலையும் காப்பி போட்டேன்? சீடில இருக்கற ஃபைல எவனாலயும் மாத்த முடியாது. இந்த சர்வர்ல ஓடற லினக்ஸ்ல காப்பி போட்டா அந்தப் பூட்டோடயே வந்து குந்திக்கும். படிக்கலாம், எழுத முடியாது! உங்க எம்.வி.எஸ்.சு பேனாவ எடுத்துக்கினு வந்து, எழுத எடமில்லாம முழிச்சிக்கினு நிக்குது!

—அந்தப் பூட்டை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

—ஒரே ஒரு வரி மேடம். அடிச்சிட்டேன். இருபத்தோரு நாளு, ஒரே ஒரு வரி. லினக்ஸ் எனக்குத் தண்ணி பட்ட பாடுன்னு உங்ககிட்ட பீத்திக்கினேன்.

—நான் மட்டும் என்ன? இருபத்தோரு நாளா அது எங்கே நிக்கறதுன்னுதான் பார்த்தேன். அந்த இடத்துல அது என்ன பண்ணப் பார்க்கறதுன்னு இன்னிக்குத்தான் யோசிச்சேன். போடுங்கோ, ஆரம்பத்துலேர்ந்து.

—போட்டுட்டேன். கேள்வி வந்துடுச்சி. பதில் அடிக்கறேன்... மேடம்.

—நின்னுடுத்தா?

—நிக்கல. நிக்கல மேடம்! வந்துக்கினே இருக்குது! வரி வரியா மேல ஏறிக்கினு போவுது, எனக்குப் படிக்கக்கூட முடியல!

—படிக்க வேண்டாம், ஓட விடுங்கோ. நடுவுல ஜெஸ் ஒரு கேள்வி கேட்கும். வேலைகளை வரிசையில நிறுத்தி அனுப்பறது அதுதான். புது டிஸ்க்கா இருக்கறதால ஆப்ஷன் என்னன்னு கேட்கும்.

—கேட்டுடுச்சி!

—ஆர், ஒரு இடம் விட்டு ரெண்டு பூஜ்யம், கமா, ஃபார்மட், கமா, நோரெக். என்டர்.

—கண்ணாடிகூட இல்லாம மந்திரம் மாதிரி சொல்றீங்களே மேடம்.

—இருபத்திரண்டு வருஷம் ஷிஃப்டு ஷிஃப்டா சொன்னது முத்துக்குமார். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். இப்போ என்ன சொல்றது?

—ஓட்டம் நின்னுடுச்சி. ஆனா இந்த வாட்டி வெயிட் ஸ்டேட்டு இல்ல. கடைசி வரியில, ஜெஸ் ரெடியா இருக்குது, வேலை குடுன்ற மாதிரி ஏதோ போட்டிருக்குது.

—நிஜமாவா? சித்த நகருங்கோ. நானே பார்க்கறேன். மூக்கை ஸ்கிரீன்ல ஒட்டிண்டாவது பார்க்கறேன்.

—பாருங்க மேடம், நல்லாப் பாருங்க. வெளக்கடி கோயில் தெருவுல, ஒரு பார்டர் டிசைன் கடையில, மேஜைக்கடியில இருக்கற பொட்டியில! மேடம்? இன்னா மேடம், அழறீங்களா?

—அழலை. அந்த ஹால்ல நாலு ஏ.சி. ஓடும், சத்தம் காதைத் துளைக்கும். இங்க உங்க ஃபேன் கிறீச் கிறீச்சுங்கறது. அதான் சிரிப்பு வந்துடுத்து. சரி, சிரிச்சது போறும். மணி என்ன?

—பன்னெண்டாவப் போவுது.

—பேர் தேடற ஜாபை அனுப்புவோம். நேத்தே அடிச்சு வச்சோமே, அதுதான். குரூப் கோடு போடற இடத்துல மட்டும் ஓ, ஹெச். பாம்பே குரூப்புக்கு அதான் கோடு.

—அடிச்சிட்டேன். அனுப்பிட்டேன். மேடம்! டேப்ப மாட்டுன்னு கேக்குது! எந்த டேப்ப மாட்டணும்னு பேரோட கேக்குது!

—கேட்கத்தான் செய்யும். அந்தக் காலத்துல மணி அடிச்சா நான் எழுந்து ஓடி, அலமாரியிலேர்ந்து டேப்பை உருவிண்டு வந்து மாட்டுவேன். அதுக்கு இன்னும் நான் அங்கேயே நிக்கறதா நினைப்பு.

—இப்போ நான் உக்காந்த எடத்துலயே மாட்டறேன் பாருங்க. உங்க டேப்பு சீடில இருந்து எடுத்த ஃபைலு, இதோ. மாட்டியாச்சி. எடுத்துக்கிச்சி! எவ்ளோ நேரம் ஆவும்?

—கம்பெனியில ஏழெட்டு நிமிஷம் ஆகும். காப்பி குடிச்சுட்டு வருவோம்.

—முடிஞ்சிடுச்சி மேடம்.

—என்னது?

—ஒரு நிமிசம்கூட ஆவல. முடிஞ்சிடுச்சின்னு வந்துடுச்சி. ஆனா...

—ஆனா என்ன?

—பேரு ஒண்ணுகூட இல்ல. மொத்தம் சைபர்னு காட்டுது.

—இருக்க முடியாது. நானே என் கையால ஏத்தியிருக்கேன். ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, ஒன்பது பேர் முகம் எனக்கு ஞாபகம் இருக்கு.

—ஆறாயிரத்துச் சொச்சம் பேரப் படிச்சேன்னு சொல்லுது. படிச்சிருக்குது, ஒத்து வரலன்னு சொல்லுது. கோடு மாறிப் போச்சோ? வேற எதனா வச்சிருந்தீங்களா?

—இல்லை. ஓ, ஹெச். ஆங்கில ஓ. நீங்க என்ன அடிச்சேள்?

—ஓதான் மேடம்.

—எழுத்து ஓவா, பூஜ்யமா?

—...பூஜ்யம் அடிச்சிட்டேன் மேடம். ஜெஸ்ஸுக்கு ரெண்டு பூஜ்யம் அடிச்ச கை, அதே பழக்கத்துல போயிடுச்சி.

—பரவாயில்லை. மாத்துங்கோ. நிதானமா.

—மாத்திட்டேன். அனுப்பிட்டேன். டேப்பு கேக்குது, குடுத்துட்டேன்.

—வரி வந்ததும் படியுங்கோ.

—வந்துடுச்சி.

—எத்தனை?

—ஒம்போது. ஒம்போது பேரு மேடம்! பேரு, ஊரு, வயசு, ஃபோன் நம்பர், எல்லாம் கொட்டை எழுத்துல! ஏய் மயில்வாகனம் அண்ணே, உள்ள வா! உன் டிசைன் நாளைக்குத்தான்! இன்னிக்கு நாங்க ஜெயிச்சிட்டோம்!

—கத்தாதேங்கோ, அவர் பயந்துண்டு போறார் பாருங்கோ. இன்னும் ஜெயிக்கலை. பேர் கிடைச்சா ஆச்சா? ஆள் கிடைக்கணும். எல்லாம் பத்து வருஷத்துப் பழைய நம்பர். முதல்ல மெட்ராஸ்காரா. நம்பருக்கு முன்னாடி ரெண்டுங்கற எண்ணைச் சேர்த்துக்கணும், இப்போ மாத்திட்டா. ஸ்பீக்கர்ல போடுங்கோ.

—மொத ஆளு அடையாறு. போட்டுட்டேன்... இந்த எண் உபயோகத்தில் இல்லைன்றாங்க.

—அடுத்தது.

—தையல்நாயகி, தாம்பரம், முப்பத்தெட்டு வயசு. அந்தக் காலத்துல போட்ட வயசா மேடம்?

—பிறந்த வருஷத்தை வச்சு இன்னிக்குத் தேதிக்குப் புரோகிராமே கணக்குப் போடும். மணி அடிக்கறது... ஹலோ? தையல்நாயகி இருக்காளா? நீங்கதானா! நான் ரத்ததான சங்கத்துலேர்ந்து ஜெயலக்ஷ்மி. ஆமாம்மா, அந்த கம்ப்யூட்டர் ஜெயலக்ஷ்மியேதான். காஞ்சிபுரத்துல ஒரு பொண்ணு, பிரசவம்... வரேளா? உடனேவா? ஆஸ்பத்திரி பேரும் நம்பரும் குறிச்சுக்கோங்கோ. நன்னா இருங்கோம்மா, நன்னா இருங்கோ!

—ஒண்ணு!

—ஒண்ணு. அவ அங்கேர்ந்து பஸ் ஏறி வரணும். வழியில டிராஃபிக் எப்படியோ. இன்னொருத்தர் வேணும், கிட்டக்க இருந்தா நல்லது. பாருங்கோ.

—இருக்குது மேடம். ஒம்போதாவது பேரு. முனுசாமி, ஐயம்பேட்டை, நாப்பத்தொண்ணு. பக்கத்துலயே! ஆனா பழைய ஆறு நம்பர் ஃபோனு.

—முன்னாடி இருபத்தேழு போட்டுப் பாருங்கோ. பெருமாளே, ஆள் அங்க இருக்கணும்.

—அடிக்குது மேடம். அடிச்சிக்கினே இருக்குது.

—விடாதேங்கோ. இன்னும் சித்த நேரம்.

—அலோ, எஸ்.டி.டி. பூத்து.

—ஹலோ, அங்க முனுசாமின்னு ஒருத்தர் இருக்காரா? தொண்ணூத்தி நாலுல இந்த நம்பர் கொடுத்திருக்கார்.

—நான்தாம்மா முனுசாமி. யாரு பேசறது?

—நான் ரத்ததான சங்கத்துலேர்ந்து பேசறேன். உங்க பேர் எங்க பட்டியல்ல இருக்கு. பாம்பே குரூப்னு...

—நான்தாம்மா அது. எங்க வரணும்?

—நான் இன்னும் விவரமே சொல்லலையே.

—விவரம் வேணாம்மா. லாரி மோதி நான் கெடந்தப்போ உங்க லிஸ்டுல இருந்துதான் யாரோ ஒரு புண்ணியவாளன் வந்து படுத்து ரத்தம் குடுத்துட்டுப் போனாரு. பேருகூட சொல்லல. நான் எந்திரிச்சி நடந்த அன்னிக்கே என் பேர எழுதிக்கோங்கன்னு வந்து குடுத்தேன். எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க.

—டவுன்ல, டாக்டர் தேவகி பிரசவ ஆஸ்பத்திரி. மூணு மணிக்குள்ள வந்துடணும். ஜுரம் கிரம் ஒண்ணும் இல்லையே?

—கல்லு மாதிரி இருக்கறேன். ஷேர் ஆட்டோ புடிச்சா அரை மணி நேரம்.

—அண்ணே, நான் முத்துக்குமாரு. வெளக்கடி கோயில் தெரு. ஆட்டோல்லாம் வேணாம், நான் வண்டி எடுத்துக்கினு இப்பவே கெளம்பி வரேன். நீங்க பூத்த யாருகிட்டயாவது ஒப்படைச்சிட்டு வாசல்ல நில்லுங்க. ஃபோன் பேச ஆளுங்க வருவாங்க இல்ல?

—இங்க எவன்பா வரான்? ஊரே செல்லு வாங்கிடுச்சி. இந்த பூத்த ஏன்யா இன்னும் கட்டிக்கினு அழறன்னு என் பொண்டாட்டி கேக்காத நாளில்ல. இந்த நம்பரத்தானே உங்ககிட்ட எழுதிக் குடுத்தேன், என்னிக்காவது நீங்க கூப்புடுவீங்கன்னுதாம்மா பதினோரு வருசமா இத மூடாம வச்சிக்கினு இருக்கறேன்.